ஏழு நாளில் ஏழு விலங்கு வேண்டாம்

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். நண்பரின் பண்ணையில் சில வருடங்களாக வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். அடுத்த ஜூலையில் அலுவலக நண்பர் ஒருவரோடு முதல்முறையாக ஆப்பிரிக்கா, அதாவது நமீபியா போகத் திட்டம். விண்ட்ஹூக்கிற்கு வடக்கே ஒரு பண்ணை. ஏழு நாள், ஏழு விலங்கு என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள்: ஸ்பிரிங்பாக், ஒரிக்ஸ், கூடூ, ஹார்ட்டபீஸ்ட், வில்டபீஸ்ட், வரிக்குதிரை, வார்ட்ஹாக் பன்றி. என்னிடம் .243 ரைஃபிள் இருக்கிறது. நண்பரோ .300 மேக்னம் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? பேக்கேஜ் விலைக்கு மேல் என்ன செலவு வரும்? 15 வயது மகனை அழைத்துப் போகலாமா? என் மனைவிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. இறைச்சியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாதென்றால் எதற்காகக் கொல்ல வேண்டும் என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்:

துப்பாக்கியில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதில் சட்டமும் இருக்கிறது. நமீபியாவில் எந்த விலங்குக்கு எவ்வளவு வலுவான தோட்டா வேண்டும் என்பதை விதியே சொல்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மானுக்குக் குழல்வாயில் 1,350 ஜூல் ஆற்றல் போதும். ஒரிக்ஸ், கூடூ, ஹார்ட்டபீஸ்ட், வில்டபீஸ்ட் என்று போனால் குறைந்தது 2,700 ஜூல் வேண்டும். கடையில் கிடைக்கும் .243 தோட்டாக்களில் பெரும்பாலானவை இந்த அளவைத் தொடாமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். ஆக, உங்கள் பட்டியலில் உள்ள பெரிய விலங்குகளுக்கு அது உதவாது.

அதற்காக .300 மேக்னம் வாங்க ஓடாதீர்கள். அதன் உதை பலம். பழக்கமில்லாத தோளுக்கு, விசையை அழுத்தும் கணத்தில் உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்ளும், கண் மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. .308 அல்லது .30-06, அதில் 165 அல்லது 180 கிரெய்ன் எடையில் உடைந்து சிதறாத தரமான தோட்டா. உங்கள் பட்டியலில் உள்ள அத்தனைக்கும் இது போதும். இன்னும் சொல்லப்போனால், முதல் பயணத்துக்கு ரைஃபிளே எடுத்துப் போகாதீர்கள். நல்ல பண்ணைகளில் ஸ்கோப் பொருத்திய ரைஃபிள் நாள் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று விமான நிலையங்களில் துப்பாக்கிப் பெட்டிக்காகக் காத்திருக்கும் தொல்லை மிச்சம். எந்த ரகம், எந்தத் தோட்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அதே ரகத்தை டெக்சஸில் யாரிடமாவது வாங்கிப் பழகுங்கள்.

பழகுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியம். டெக்சஸில் நீங்கள் மறைவுக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ரைஃபிளைச் சட்டத்தில் சாய்த்து வைத்து, தீனி போட்ட இடத்துக்கு வரும் மானைச் சுட்டிருப்பீர்கள். நமீபியப் புதர்க்காட்டில் நடைதான். வழிகாட்டி முன்னால், நீங்கள் அவர் முதுகைத் தொட்டாற்போல் பின்னால். திடீரென்று அவர் நின்று, கையில் இருக்கும் மூன்று கோல்களை விரித்து நிறுத்துவார். ஸ்டிக்ஸ் என்பார்கள். ரைஃபிளை அதன் கவட்டில் வைத்து, நின்றபடி சுட வேண்டும். நூறு மீட்டர், சில சமயம் நூற்றைம்பது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கிடைக்கிற அவகாசம் ஐந்தாறு விநாடி. மேசையில் மணல் மூட்டை வைத்துப் பழகியவர் இங்கே திணறிப்போவார்.

ஆகவே இன்றைக்கே ஒரு ஸ்டிக்ஸ் வாங்குங்கள். அல்லது மூன்று மூங்கில் கழிகளை மேல்முனையில் ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளுங்கள், அதுவே போதும். சுடுதளத்தில் மேசைப் பக்கம் போவது ரைஃபிளின் குறி சரியா என்று பார்க்க மட்டும்தான். மற்றபடி எல்லாத் தோட்டாவும் ஸ்டிக்ஸிலிருந்து. வீட்டில் தினமும் பத்து நிமிடம், காலி ரைஃபிள் என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, ஸ்டிக்ஸை விரித்து, சுவரில் ஒட்டிய புள்ளியைப் பிடித்து, விசையை மெதுவாக அழுத்துங்கள். சுடுதளத்தில் விதிமுறை இடம் கொடுத்தால், வெறுங்கையோடு கொஞ்சம் ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்க வாங்கச் சுட்டுப் பாருங்கள். நூறு மீட்டரில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வட்டத்துக்குள், நின்றபடி, வரிசையாக ஐந்து தோட்டா விழ வேண்டும். விழவில்லை என்றால் பயணத்தை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த வட்டத்துக்கு வெளியே விழும் தோட்டா, காட்டில் ஒரு விலங்கின் வயிற்றிலோ தாடையிலோ போய் விழுகிறது.

அடுத்தது இதயம் எங்கே இருக்கிறது என்பது. வெள்ளைவால் மானுக்கு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆப்பிரிக்க மான்களில் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே, இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் ஒரிக்ஸைப் பார்த்தால், முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே வாருங்கள். உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நில்லுங்கள். அதுதான் இடம். ஒரிக்ஸ், வில்டபீஸ்ட் இரண்டுக்கும் தோள்பட்டை திமில்போல் உயர்ந்து நிற்கும். அதைச் சேர்த்து நடுவைக் கணக்குப் போட்டால் தோட்டா உயரே போய்விடும். பழைய பழக்கத்தில் காலுக்குப் பின்னால் சுட்டால் நுரையீரலின் ஓரத்திலோ ஈரலிலோ படும், விலங்கு மணிக்கணக்கில் ஓடும்.

இதைப் படத்தில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது நல்லது. முதல் விலங்கை உரிக்கும்போது கொட்டகைக்குப் போய் நில்லுங்கள். தோலுரிப்பவரிடம், முன்னங்காலைத் தூக்கி இதயத்தை அது இருக்கும் இடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார். கை முஷ்டியைவிடப் பெரியதாக, மார்பெலும்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இவ்வளவு கீழேயா என்று தோன்றும். அடுத்த முறை ஸ்கோப்பில் பார்க்கும்போது குறுக்குக்கோடு தானாகக் கீழே இறங்கும்.

இப்போது அந்தப் பேக்கேஜ். ஏழு நாளில் ஏழு விலங்கு என்றால் நாளுக்கு ஒன்று. முதல் நாள் மாலை ரைஃபிள் சரிபார்ப்பிலேயே போய்விடும். ஒருநாள் காற்று திசை மாறி மாறி அடித்துக் கெடுக்கும். ஒருநாள் காலை முழுக்க ஒரே ஒரு கூடூவின் தடத்தைப் பிடித்துப் போய் வெறுங்கையோடு திரும்புவீர்கள். ஐந்தாம் நாள் பட்டியலில் இன்னும் நான்கு மிச்சமிருக்கும். அப்போதுதான் அவசரம் பிடிக்கும். வண்டியிலேயே சுற்றி, கண்ணில் பட்டதைச் சுட்டு, வயது பார்க்காமல், கோணம் பார்க்காமல் கணக்கை முடிக்கிற வேலையாகிவிடும். நல்ல வழிகாட்டிகளுக்கும் இது பிடிக்காது. ஆனால் பேக்கேஜ் விற்றாயிற்று, பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். அவர்களும் என்ன செய்வார்கள்.

ஏழு நாளுக்கு மூன்று விலங்கு, மிஞ்சினால் நான்கு என்று மாற்றிக் கேளுங்கள். ஒரிக்ஸ், கூடூ, ஸ்பிரிங்பாக், முடிந்தால் வார்ட்ஹாக். வரிக்குதிரையை முதல் பயணத்தில் விட்டுவிடலாம். சாதாரண வரிக்குதிரையா, ஹார்ட்மன் மலை வரிக்குதிரையா என்பதைப் பொறுத்து ஏற்றுமதித் தாள்களே மாறும். மலை வரிக்குதிரை, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருவது.

குறைத்துக் கேட்டால் கிழட்டு விலங்கைத் தேட நேரம் கிடைக்கும். இனப்பெருக்க வயது கடந்த ஒன்றை எடுப்பதுதான் மந்தைக்கும் நல்லது, வேட்டைக்காரருக்கும் மரியாதை. கூடூ ஆணுக்குக் கொம்பு இரண்டரை முறுக்கு சுற்றி நுனி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் முதிர்ந்தது. நுனி இன்னும் உட்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் வாலிபம், விட்டுவிட வேண்டும். ஒரிக்ஸில் ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. பெண்ணின் கொம்புதான் பெரும்பாலும் நீளம், ஆணுடையது அடி பருத்தது. கன்று ஈனும் காலம் தாண்டிய, கொம்பு நுனி தேய்ந்த கிழட்டுப் பெண் ஒரிக்ஸை வழிகாட்டி காட்டினால் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளுங்கள். நமீபியாவின் தொழில்முறை வேட்டையாளர் சங்கமான நாஃபாவும் பதக்கம் தருவதற்குக் கொம்பு நீளத்தோடு வயதையும் பார்க்கிறது. கொம்பை அளக்கும் டேப்பை மட்டும் நம்பி வேட்டையாடும் காலம் அங்கே மாறிக்கொண்டு வருகிறது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

பண்ணையைப் பற்றியும் கேட்க வேண்டும். எத்தனை ஹெக்டேர், சுற்றி உயர வேலியா வெறும் மாட்டு வேலியா, விலங்குகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவையா, வேட்டைக்காக வெளியிலிருந்து வாங்கி விடப்பட்டவையா. மாட்டு வேலியைக் கூடூ சர்வசாதாரணமாகத் தாண்டும், வார்ட்ஹாக் அடியில் தோண்டி நுழையும். அப்படிப்பட்ட இடத்தில் விலங்கு தன் இஷ்டத்துக்கு வந்து போகிறது என்று அர்த்தம். உயர வேலி இருந்தாலே தப்பு என்று சொல்லமாட்டேன். பல ஆயிரம் ஹெக்டேர் இருந்து, மந்தை தானே பெருகினால் அதுவும் காடுதான். ஆனால் போன வாரம் லாரியில் இறக்கிய விலங்கை இந்த வாரம் சுடுவது வேட்டையே இல்லை. கறுப்பு ஸ்பிரிங்பாக், பொன்னிற வில்டபீஸ்ட் என்று நிறத்துக்காகவே வளர்த்து விற்கும் வகைகளையும் தொடாதீர்கள்.

காட்டில் அந்த நேரம் வரும்போது வழிகாட்டியின் சொல்தான் கடைசிச் சொல். நமீபியாவில் டிராஃபி வேட்டைக்கு, அதாவது கொம்பையும் தோலையும் நினைவாக எடுத்துப் போகும் வேட்டைக்கு, வருபவரோடு பதிவு பெற்ற வழிகாட்டி இருந்தே ஆக வேண்டும். அவர் ‘இடமிருந்து இரண்டாவது’ என்று சொன்னால், அதையே நீங்கள் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பாருங்கள். தோட்டா ஊடுருவிப் போய் அடுத்ததையும் காயப்படுத்தும். முதல் பயணத்தில் பக்கவாட்டில் நிற்பதை மட்டும் சுடுங்கள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தலையாட்டிவிடுங்கள். எந்த நல்ல வழிகாட்டியும் அதற்காகக் கோபிக்க மாட்டார். சுட்டதும் ஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். கைகுலுக்கல் எல்லாம் அப்புறம். தோட்டா படும்போது குறுக்குக்கோடு எங்கே இருந்தது என்று உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். வயிற்றில் பட்டிருக்கும் என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடனே பின்தொடர்வதா, காத்திருப்பதா என்று அவர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.

அதன் பிறகு தடம் பார்ப்பவரின் வேலை. அவர் நடப்பதைக் கவனியுங்கள். தடத்தின் மேல் நடக்கமாட்டார், ஓரமாகப் போவார். மிளகளவு ரத்தத் துளி ஒரு புல்லின் அடிப்பக்கத்தில் இருக்கும். அதை விரல் நுனியால் தொட்டு, நுரை கலந்த இளஞ்சிவப்பா, கருஞ்சிவப்பா என்று பார்ப்பார். நுரை என்றால் நுரையீரல், தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், நிதானமாகப் போக வேண்டும். கிடக்கும் ஒரிக்ஸை முன்பக்கமாக நெருங்கவே கூடாது. உயிர் கொஞ்சம் இருந்தாலும் தலையை ஒரு வீசு வீசும், அந்தக் கொம்பு மீட்டர் நீள ஈட்டி. வழிகாட்டி முதுகுப் பக்கமாகப் போய்க் கண்ணைக் கோலால் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நீங்கள்.

ஸ்பிரிங்பாக் எடுத்தால் ஒன்று செய்யுங்கள். அதன் முதுகுக்கோட்டில் மடிந்து கிடக்கும் வெள்ளை மயிர், உயிர் போனதும் விசிறிபோல் விரியும். குனிந்து முகர்ந்தால் தேன் வாசனை வரும். சற்று நேரத்தில் போய்விடும். வழிகாட்டிகள் எல்லோருமே இதைக் காட்டுவார்கள்.

சரி, பணம். பேக்கேஜில் பொதுவாகத் தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி, குறிப்பிட்ட விலங்குகளின் டிராஃபி கட்டணம் அடங்கும். விமான டிக்கெட், ரைஃபிள் வாடகை, டிப்ஸ், பல இடங்களில் 15 சதவீத வாட் வரி, எல்லாம் வெளியே. காயம்பட்டு ஓடி, கிடைக்காமல் போன விலங்குக்கும் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஒரு துளி ரத்தம் விழுந்தாலும் அது உங்கள் கணக்கு. இது நியாயமான விதி, பேரம் பேசாதீர்கள். பலரும் மறப்பது டிராஃபி வீடு வந்து சேரும் செலவை. தோலுக்கு உப்பிட்டு, மண்டையை வேகவைத்து, கிருமி நீக்கி, மரப்பெட்டியில் அடைத்து, சரக்கு விமானம், சுங்கத் தரகர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பில். கடைசியில் பாடம் செய்பவரின் பில். எல்லாம் சேர்ந்து வேட்டைச் செலவுக்கு ஈடாக வந்துவிடுவதும் உண்டு. தோள்வரை பாடம் செய்த தலைகளுக்குப் பதில், வெள்ளை மண்டையோட்டில் கொம்பு மட்டும் என்று முடிவு செய்தால் பெரிய தொகை மிச்சமாகும். எனக்கு அதுதான் அழகாகவும் படும். வார்ட்ஹாக்கின் தோல், மண்டை எதுவும் அமெரிக்காவுக்குள் வர, வேளாண்மைத் துறை ஒப்புதல் பெற்ற இடத்துக்கே போக வேண்டும், பன்றி நோய்க்குப் பயந்து. தந்தப்பல்லோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று தரகரிடம் கேளுங்கள்.

துணிமணிக்குப் பெரிய யோசனை வேண்டாம். ஜூலை அங்கே குளிர்காலம். விடிகாலையில் திறந்த வண்டியில் விறைத்துப்போகும், மதியம் சட்டை மட்டும் போதும். மங்கிய பச்சை, காக்கி. முள்ளுக்குத் தாங்கும் முழுக்கால் சட்டை. பழகிய பூட்ஸ், புதியது வேண்டாம். பெரும்பாலான பண்ணைகளில் தினமும் துவைத்துத் தந்துவிடுவார்கள், மூன்று செட் போதும்.

மகனைத் தாராளமாக அழைத்துப் போங்கள். பார்வையாளராக வருவதற்குத் தனி நாள் கட்டணம் உண்டு. அவன் பிறப்புச் சான்றிதழையும், தாயார் கூட வராவிட்டால் அவருடைய ஒப்புதல் கடிதத்தையும் கையோடு வைத்திருங்கள். முதலில் சில நாள் ரைஃபிள் இல்லாமல் தடம் பார்ப்பவரோடு நடக்கட்டும். படம் எடுப்பதானால் ரத்தத்தைத் துடைத்து, நாக்கை உள்ளே தள்ளி, விலங்கின் பின்னால் மண்டியிட்டு எடுங்கள். அதன் மேல் உட்காருவது, கால் வைப்பது கூடவே கூடாது. இன்னொன்றும் அவனிடம் சொல்லி வையுங்கள். பயமே இல்லாமல் மனிதரை நெருங்கி வரும் கூடூவைத் தொடக் கூடாது. நமீபியக் கூடூக்களிடையே வெறிநோய் 1970-களின் பிற்பகுதியிலிருந்து அவ்வப்போது பரவி வருகிறது. எச்சிலில் இருக்கும் கிருமி அது.

கடைசியாக உங்கள் மனைவியின் கேள்வி. அவரைச் சம்மதிக்க வைக்க நான் வாதம் எழுதித் தரப்போவதில்லை. ஓர் உயிரைக் கொல்ல மாட்டேன், வீட்டில் யாரும் கொல்வதையும் விரும்பவில்லை என்பவரிடம் பொருளாதாரம் பேசுவது சரியில்லை. ஆனால் இறைச்சி என்ன ஆகிறது என்று அவர் கேட்டிருக்கிறார், அதற்குப் பதில் உண்டு. அமெரிக்கச் சட்டம் அந்த இறைச்சியை உள்ளே விடாது, உண்மைதான். ஆனால் அங்கே எதுவும் வீணாவதில்லை. ஒரிக்ஸின் முதுகுத்தசை அன்றிரவே உங்கள் தட்டுக்கு வரும். மீதி பண்ணை ஊழியர்களின் வீட்டுக்கும், உப்புக்கண்டமாக உலர்த்தும் பில்டாங்குக்கும், இறைச்சிக் கடைக்கும் போகும். குடலைக்கூட வாங்கிப் போய்ச் சுத்தம் செய்து சமைப்பார்கள்.

இன்னொன்று, அந்த நாட்டில் இத்தனை விலங்கு இருப்பதற்கே ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது. முன்பு பண்ணைக்காரருக்கு மான் என்றால் மாட்டுப் புல்லைத் தின்னும் தொல்லை. 1967-லும் 1975-லும் வந்த சட்டங்கள், நிலத்துக்காரருக்கு அவர் நிலத்து மான்கள் மேல் உரிமையைக் கொடுத்தன. தொல்லையாக இருந்தது சொத்தானது, விலங்கு பெருகியது. அந்த உரிமை வெள்ளைக்காரப் பண்ணையாளர்களோடு நின்றிருந்தது. விடுதலைக்குப் பிறகு 1996 சட்டத்திருத்தம் பொதுநிலங்களில் வாழும் கறுப்பின மக்களுக்கும் அதைத் தந்தது. 1998-இல் முதல் கன்சர்வன்சிகள், அதாவது தங்கள் நிலத்து விலங்குகளை ஊர்மக்களே நிர்வகிக்கும் அமைப்புகள், பதிவாயின, இன்று 80-க்கும் மேல். அங்கே வேட்டைக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊருக்கு, இறைச்சியும் ஊருக்கு. இதனால் கொல்வது சரியாகிவிடுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் முடிவு ‘இல்லை’ என்றே இருந்தால் அதை மதியுங்கள், வீட்டுச் சுவரில் தலையை மாட்டாதீர்கள். வேட்டை முடிந்த மறுநாள் அவர் விண்ட்ஹூக் வந்து சேரட்டும், நால்வராகவோ மூவராகவோ எட்டோஷா தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே சுற்றுலாப் பயணி யாரும் துப்பாக்கியைத் தொட முடியாது. ஜூலையில் தண்ணீர் குறைந்து, நீர்க்குட்டைகளைச் சுற்றி யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் கூடியிருக்கும். ஒகாவ்குவேஜோ முகாமின் குட்டைக்கு இரவிலும் விளக்கு உண்டு, முகாமுக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

அட்வான்ஸ் கட்டும் முன் பண்ணைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான்கு விலங்குக்கு விலை, வேலி, விலங்குகள் எங்கிருந்து வந்தவை, வழிகாட்டியின் பதிவு, வாடகை ரைஃபிளின் ரகம், வரி உள்ளேயா வெளியேயா, ஒரு விலங்கு கிடைக்காவிட்டால் அதன் கட்டணம் திரும்ப வருமா, இத்தனையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.